முகவரி ஃபிரிஸ்கோ, பள்ளிக்கூடம் வேற ஊரு: வெள்ளிக்குள்ள லீஸ் போடலாமா?

டல்லாஸ்_புதுசு:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப அவசரம். கம்பெனி குடுத்த ஹோட்டல் ஞாயித்துக்கிழமையோட முடியுது. டெக்சாஸ் ஃபிரிஸ்கோவுல ஒரு வாடகை வீடு பிடிச்சிருக்கு. விளம்பரத்துல ஃபிரிஸ்கோ 75036னு போட்டிருக்கு, ஆனா பள்ளிக்கூடம் லிட்டில் எல்ம் ஐஎஸ்டின்னு (அந்த ஊர்ப் பள்ளி மாவட்டம்) வருது. லீஸ்ல டென்டன் கவுண்டின்னு (நம்ம ஊர் ஜில்லா மாதிரி) இருக்கு, நெட்ல ஃபிரிஸ்கோ காலின் கவுண்டின்னு இருக்கு. ஏமாத்துறாங்களா? வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்து வேணும்னு ஏஜென்ட் நெருக்குறார். யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

கொங்கு_பிளானோ:
தம்பி, வீடு கிடக்கட்டுங்க. மொதல்ல லைசென்ஸ பாருங்க. ஃபிரிஸ்கோவுல டவுன் பஸ்ஸுன்னு ஒண்ணு கிடையாது. டல்லாஸ் பக்கத்து டார்ட் ரயில் பிளானோவோட நின்னுரும், ஃபிரிஸ்கோ அதுல சேரவே இல்லீங்க. பார்க்கர் ரோடு ஸ்டேஷனுக்குப் போறதுக்கே கார் வேணும்.

குடி வந்த 90 நாளைக்குள்ள டெக்சாஸ் லைசென்ஸ் எடுத்தாகணும். லைசென்ஸ் குடுக்கிற டிபிஎஸ் ஆபீஸ்ல எழுத்துத் தேர்வு, வண்டி ஓட்டுற தேர்வு ரெண்டும் உண்டு. பாஸ்போர்ட், விசா, ஐ-94 (நாட்டுக்குள்ள வந்த பதிவு), சோசியல் செக்யூரிட்டி நம்பர், அப்புறம் டெக்சாஸ் முகவரி போட்ட ரெண்டு தாள். லீஸ் ஒண்ணு, பேங்க் ஸ்டேட்மென்ட் இல்லாட்டி கரன்ட் பில் இன்னொண்ணு. ஓட்டிக் காட்டுற வண்டிய நீங்கதான் கொண்டு போகணும். இன்சூரன்ஸ் தாள் இல்லைன்னாலோ பிரேக் லைட் ஒண்ணு எரியலைன்னாலோ வண்டிய எடுக்கவே விடமாட்டாங்க, அன்னிக்கு அப்பாயின்ட்மென்ட் போச்சு. பேரலல் பார்க்கிங் நல்லாப் பழகிட்டுப் போங்க.

டல்லாஸ்_புதுசு:
நன்றி அண்ணா. ஆனா நான் கேட்டது வீட்டைப் பத்தி...

நெல்லை_நாற்காலி:
ஃபிரிஸ்கோன்னா பயப்படவே வேண்டாம் சகோ, நம்ம ஆளுங்க ஊருதான். 1990 சென்சஸ்ல ஆறாயிரத்துச் சொச்சம் பேர். 2000-ல 33,714. 2010-ல 1,16,989. 2020-ல 2,00,509. முப்பது வருஷத்துல முப்பது மடங்குக்கு மேல! 2020 கணக்குலயே ஏறக்குறைய நாலுல ஒருத்தர் ஆசியர், அதுல பெரும்பாலும் இந்தியர். கார்ய சித்தி ஹனுமான் கோயில் கிழக்குப் பக்கம் இருக்கு. அந்தப் பக்கம், அதாவது 75035-ல, காய்ட், இன்டிபென்டன்ஸ் சாலை ஓரமா வீடு பாருங்க. கறிவேப்பிலைக்கு அலைய வேண்டாம். தெலுங்கு நாலு வார்த்தை தெரிஞ்சா இன்னும் வசதி.

கொங்கு_பிளானோ:
கிழக்கு எதுக்குங்க? அதே வாடகைக்கு மேற்குல புது வீடு கிடைக்கும்.

நெல்லை_நாற்காலி:
புது வீட்டை வச்சுக்கிட்டு 423-ம் நம்பர் ரோட்டு நெரிசல்ல ஒரு மணி நேரம் நில்லுங்க.

வரைபடக்_கிறுக்கு:
ரெண்டு பேரும் கேட்ட கேள்விக்கு வரலை. ஏமாற்று வேலை இல்லை தம்பி. அஞ்சு வரைபடம் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கிறது, ஒன்றுக்கொன்று பொருந்தாது. அவ்வளவுதான்.

முதலாவது நகர எல்லை. ஃபிரிஸ்கோ சுமார் 70 சதுர மைல். தெற்கே 121, அதாவது சாம் ரேபர்ன் டோல்வே என்ற சுங்கச் சாலை. அதைத் தாண்டினால் பிளானோ. வடக்கே 380 நெடுஞ்சாலை, அதற்கப்பால் பிராஸ்பர். கிழக்கே கஸ்டர் சாலைப் பக்கம் மெக்கின்னி. மேற்கே எஃப்எம் 423 சாலை, அங்கேதான் குழப்பம். லிட்டில் எல்ம், ஹேக்பெரி, தி காலனி எல்லாம் லூயிஸ்வில் ஏரிக்கரையில் ஒட்டுத்துணி மாதிரி கலந்து கிடக்கும்.

இரண்டாவது கவுண்டி. டல்லாஸ் நார்த் டோல்வேக்குக் கொஞ்சம் மேற்கே கோடு வடக்கு தெற்காக ஓடுகிறது. கிழக்கே காலின், தலைமையிடம் மெக்கின்னி. மேற்கே டென்டன், தலைமையிடம் டென்டன். ஆக, லீஸில் டென்டன் என்று இருப்பதால் மட்டும் அது ஃபிரிஸ்கோ இல்லை என்று ஆகாது.

மூன்றாவது தபால் முகவரி. இது தபால்காரரின் வசதிக்குப் போட்ட பெயர். 75036 என்றால் எந்த அஞ்சலகம் கடிதம் தருகிறது என்று தெரியும், எந்த நகராட்சி என்று தெரியாது.

நான்காவதுதான் உங்கள் தலைவலி, பள்ளி மாவட்டம். டெக்சாஸில் பள்ளி மாவட்டம் நகராட்சியின் கீழ் வராது. அதற்குத் தனி எல்லை, தனி வரி. ஃபிரிஸ்கோ நகரத்துக்குள்ளேயே ஃபிரிஸ்கோ, லூயிஸ்வில், லிட்டில் எல்ம், பிராஸ்பர் என்று நான்கு ஐஎஸ்டி இருக்கிறது. அந்தப் பக்கம் ஃபிரிஸ்கோ ஐஎஸ்டி பிளானோவுக்குள்ளும் மெக்கின்னிக்குள்ளும் நீள்கிறது; அதன் எமர்சன் உயர்நிலைப் பள்ளி இருப்பதே மெக்கின்னியில். பள்ளிக்காக மட்டும் என்றால் மெக்கின்னி முகவரியில் வீடெடுத்தும் ஃபிரிஸ்கோ ஐஎஸ்டியில் சேர்க்கலாம்.

ஐந்தாவது மின்சாரம். அதை யாராவது சொல்லுங்கள், எனக்குப் பூகோளம்தான்.

பூகோளம் என்றதும் ஒன்று. அந்தக் காலத்து ஊர் பிரெஸ்டன் மேட்டில் இருந்த லெபனான். நீராவி ரயிலுக்குத் தண்ணீர் வேண்டும், மேட்டில் தோதுப்படவில்லை. நான்கு மைல் மேற்கே தாழ்வான இடத்தில் நிறுத்தம் போட்டார்கள், ஆட்கள் அங்கே இறங்கிப் போனார்கள். ஃபிரிஸ்கோ என்ற பெயரும் செயின்ட் லூயிஸ்–சான் பிரான்சிஸ்கோ ரயில்வேயின் சுருக்கம்தான். மேட்டுக்கு மேற்கே பெய்த மழை ஸ்டூவர்ட் கிரீக், பேந்தர் கிரீக் வழியாக லூயிஸ்வில் ஏரிக்குப் போகும். வீட்டுக்குப் பின்னால் ஓடை இருந்தால் ஃபீமாவின் (மத்திய அரசின் பேரிடர் நிர்வாக அமைப்பு) வெள்ள வரைபடத்தில் முகவரியைப் போட்டுப் பாருங்கள். வாடகை இன்சூரன்ஸில் வெள்ளம் சேராது, அது தனி பாலிசி.

கரன்ட்_பில்:
மின்சாரம் நான் சொல்றேன். ஃபிரிஸ்கோவுல சில தெரு ஆன்கார் கம்பி, சில தெரு கோசெர்வ். கோசெர்வ்னா கூட்டுறவு, கம்பெனி தேர்ந்தெடுக்கிற வேலையே இல்லை. நேரா அவங்ககிட்டயே கணக்கு ஆரம்பிக்கணும். ஆன்கார்னா பவர் டு சூஸ் தளத்துல நாமதான் கம்பெனி பிடிக்கணும். உங்க வீடு எதுலன்னு ஏஜென்ட்கிட்ட கேளுங்க. 17 இலக்க ஈஎஸ்ஐ நம்பர் (அந்த வீட்டு மின் இணைப்பு எண்) குடுத்தார்னா ஆன்கார்.

ஆன்கார்னா ஒரு பொறி இருக்கு. ஒவ்வொரு திட்டத்துக்கும் எலெக்ட்ரிசிட்டி ஃபேக்ட்ஸ் லேபிள்னு ஒரு தாள் வரும். மேலேயே 500, 1000, 2000 யூனிட்டுக்கு விலை போட்டிருக்கும். 1000-க்கு மட்டும் அடிமாட்டு விலை தெரிஞ்சா சந்தேகப்படுங்க. 1000 யூனிட் தொட்டாத்தான் பில்லுல ஒரு தொகை கழிப்பாங்க. அந்த மாசம் 980 ஓடினா கழிவு கிடையாது, யூனிட் விலை எகிறிடும். மூணு கட்டத்துலயும் விலை கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கிற திட்டத்தை எடுங்க. கிரெடிட் ஹிஸ்டரி இல்லாதவங்ககிட்ட டெபாசிட் கேப்பாங்க, அதுக்குப் பணம் எடுத்து வைங்க.

நெல்லை_நாற்காலி:
12 மாச ஃபிக்ஸட் எடுங்க, கண்ணை மூடிக்கிட்டு.

கரன்ட்_பில்:
கண்ணை மூடிக்கிட்டு எடுக்காதீங்க. ஒப்பந்தம் எந்த மாசம் முடியுதுன்னு பாருங்க. ஆகஸ்ட்ல முடிஞ்சா அந்த வெயில்ல புது விலை பேசணும்.

டல்லாஸ்_புதுசு:
ரொம்ப நன்றி. சொல்ல விட்டுட்டேன்: ஆபீஸ் லாஸ் கொலினாஸ். பையன் ரெண்டாவது போகணும். மனைவி கார் ஓட்டமாட்டாங்க.

கொங்கு_பிளானோ:
அட, இத மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்க! லாஸ் கொலினாஸ்னா இர்விங். ஃபிரிஸ்கோவுல இருந்து 25 மைல் சுமாரு, அதுவும் எல்லாரும் தெற்க போற நேரத்துல தெற்க, வடக்க வர்ற நேரத்துல வடக்க. ஃபிரிஸ்கோவே எதுக்கு? வேலி ரேஞ்ச், காப்பெல் பக்கம் பாருங்க.

வரைபடக்_கிறுக்கு:
அங்கேயும் இதே கதைதான். வேலி ரேஞ்ச் இருப்பது இர்விங் நகரத்தில், பெரும்பகுதி காப்பெல் ஐஎஸ்டி. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

நெல்லை_நாற்காலி:
எங்க இருந்தாலும் டோல் கட்டித்தான் சாகணும். 121 டோல், நார்த் டோல்வே டோல், ஜார்ஜ் புஷ் டோல். மூச்சு விடுறதுக்கு மட்டும்தான் இன்னும் டேக் ஒட்டலை.

கரன்ட்_பில்:
கார் கண்ணாடியில ஒட்டுற டோல்டேக் இல்லாம ஓட்டினா நம்பர் பிளேட்டை போட்டோ எடுத்து ஜிப்கேஷ் பில் வரும், அது இன்னும் கூட. வாடகைக் கார்னா வாடகைக் கம்பெனி அதுக்கு மேல ஒரு கட்டணம் போடும். ஓசியில போகணும்னா 121-க்குப் பக்கத்துலயே ஓடுற சர்வீஸ் ரோடு இருக்கு. மைலுக்கு ஒரு சிக்னல், பொறுமை வேணும்.

நெல்லை_நாற்காலி:
பொறுமையா? ஜூலையில 40 டிகிரி வெயில், ஏப்ரல்ல ஆலங்கட்டி, கார் கூரையெல்லாம் அம்மைத் தழும்பு. நடந்து போய்ப் பால் வாங்க ஒரு கடை உண்டா?

கொங்கு_பிளானோ:
வருமான வரி ஸ்டேட்ல இல்லைன்னு சொல்லிட்டு வீட்டு வரியில உருவிர்றாங்க, அதச் சொல்லுங்க.

மீனாட்சி_423:
புலம்பல் போதும், பாவம் அந்தத் தம்பிக்கு வியாழன் மட்டும்தான் இருக்கு. தம்பி, இன்னைக்கே செய்ய வேண்டியது ஒண்ணுதான். வீட்டு வரிக்கு மதிப்புப் போடுற டென்டன் மத்திய மதிப்பீட்டு மாவட்டத்தோட தளத்துக்குப் போங்க. சொத்து தேடல்ல கதவு எண், தெருப் பேரு மட்டும் போடுங்க. 'ஸ்ட்ரீட்', 'டிரைவ்' எல்லாம் சேர்த்துப் போட்டா பல சமயம் ஒண்ணும் வராது. வீட்டைத் திறந்தா வரி விதிக்கும் அமைப்புகள்னு ஒரு பட்டியல் இருக்கும். ஒரு வரி கவுண்டி, ஒரு வரி நகரம், ஒரு வரி ஐஎஸ்டி. அதுதான் கடைசித் தீர்ப்பு. விளம்பரம் பொய் சொல்லும், வரி வாங்குறவன் தப்பான ஊருக்கு வாங்கமாட்டான்.

ஐஎஸ்டி ஃபிரிஸ்கோன்னே இருந்தாலும் அங்கேயே நிக்காதீங்க. அவங்க தளத்துல முகவரி போட்டா எந்தத் தொடக்கப் பள்ளின்னு காட்டும். வீட்டுப் பக்கத்துல தெரியுற பள்ளி உங்க பள்ளியா இருக்கணும்னு இல்லை, எல்லையை அப்பப்ப மாத்துவாங்க. அந்த வகுப்பு நிரம்பியிருந்தா என்ன செய்வாங்கன்னு பள்ளி அலுவலகத்துக்கே போன் பண்ணிக் கேளுங்க. பொதுவா ரெண்டு மைலுக்குள்ள இருந்தா பள்ளி பஸ் கிடையாது. உங்க வீட்டம்மா ஓட்டமாட்டாங்கன்னா இதுதான் பெரிய விஷயம். ஒரு மைலுக்குள்ள, ஆறு லேன் சாலையைத் தாண்டாம நடந்து போற மாதிரி இருக்கான்னு நேர்ல போய்ப் பாருங்க.

தடுப்பூசி அட்டையை இப்பவே எடுத்து வைங்க. நம்ம ஊர் அட்டையில அடிக்கடி விட்டுப்போறது ஹெபடைடிஸ் ஏ ரெண்டு டோஸ், சின்னம்மைத் தடுப்பூசியில ரெண்டாவது டோஸ்.

நெல்லை_நாற்காலி:
ஹெபடைடிஸ் பி போட்டிருந்தாப் போதும்.

மீனாட்சி_423:
போதாது. ஏ தனி, பி தனி. ஏ-யில ரெண்டு டோஸுக்கு நடுவுல ஆறு மாசம் இடைவெளி வேணும். ஒண்ணு போட்டுட்டு, அடுத்தது இன்னும் நாள் ஆகலைன்னா தற்காலிகமா சேர்த்துக்குவாங்க.

இன்னொண்ணு, லீஸ்ல புல்வெளிக்கும் அஸ்திவாரத்துக்கும் தண்ணி ஊத்துறது யார் பொறுப்புன்னு பாருங்க. இங்கே கரிசல் களிமண். காஞ்சா சுருங்கும், நனைஞ்சா உப்பும், வீட்டுச் சுவர் விரிசல் விடும். குடியிருக்கிறவங்க தலையில அதைக் கட்டியிருந்தா கோடை முழுக்கத் தண்ணி பில் உங்களுக்கு. குடி போற அன்னைக்கே கதவு மூலை, ஜன்னல் மூலை விரிசலை எல்லாம் தேதியோட போட்டோ எடுத்து வைங்க.

டல்லாஸ்_புதுசு:
அக்கா, பார்த்தேன். கவுண்டி டென்டன், ஐஎஸ்டி லிட்டில் எல்ம். நகரம்ங்கிற இடத்துல ஃபிரிஸ்கோவே இல்லை! ஏஜென்ட்கிட்ட கேட்டா "எல்லாரும் அதை ஃபிரிஸ்கோன்னுதான் சொல்லுவாங்க"ங்கிறார். கையெழுத்துப் போட்டுட்டு பிடிக்கலைன்னா மாத்திக்கலாமாம்.

மீனாட்சி_423:
மாத்த முடியாது தம்பி. டெக்சாஸ்ல வாடகை லீஸுக்கு 'மூணு நாள்ல ரத்து'ன்னு ஒண்ணும் கிடையாது. நடுவுல வெளியேறினா வேற ஆள் வர்ற வரைக்கும் வாடகையும் அதுக்கு மேல ரீலெட்டிங் கட்டணமும் (வேற ஆளுக்கு வாடகைக்கு விடுற செலவு) கேப்பாங்க. இப்ப விட்டா விண்ணப்பக் கட்டணம் மட்டும்தான் போகும். டெபாசிட் ஏதும் குடுத்திருந்தா அந்த விண்ணப்பத் தாளை இன்னைக்கு ராத்திரி படிச்சுப் பாருங்க. ஹோட்டலை இன்னும் ஒரு வாரம் நீட்டுங்க. நாளைக்குக் காலையில வேலி ரேஞ்ச்ல ரெண்டு வீடு, 121 ஓரமா ரெண்டு வீடு. போறதுக்கு முன்னாடி நாலு கதவு எண்ணையும் அந்தந்தக் கவுண்டித் தளத்துல போட்டுப் பாருங்க. வேலி ரேஞ்ச்னா டல்லாஸ் கவுண்டி, டென்டன் தளத்துல தேடாதீங்க.