ஸ்காபரோவில் 12×12 அடி டெக் (வீட்டோட சேர்ந்த வெளி மரத்தளம்): செலவும் குறைய வேணும், சட்டத்துக்கும் சரிவர வேணும்

கேள்வி:
ஸ்காபரோ வீடு, வெளிச்சுவர் செங்கல். பின்பக்கச் சறுக்குக் கதவின் அடி நிலத்திலயிருந்து 29 அங்குலம். ட்ரீட்டட் (உக்காமல் மருந்தேத்தின) மரத்தில கதவு மட்டத்துக்கே டெக் போட யோசனை. லெட்ஜர் பலகையை (டெக்கின் ஒரு பக்கத்தைத் தாங்கிற பலகை) சுவரில போல்ட் பண்ணினால் ஒரு வரிசை அத்திவாரம் மிச்சம்தானே? பெர்மிட் வேணுமோ?

பதில் 1:
லெட்ஜரை விடுங்கோ. அந்தச் செங்கல் பெரும்பாலும் பாரம் தாங்கிற சுவர் இல்லை. மரச்சட்டத்துக்கு முன்னால இடைவெளி விட்டு நிக்கிற வெறும் தோல். போல்ட்டை இறுக்க இறுக்க கல் வெடிக்கும். வீட்டில முட்டாமல் தனிய நிக்கிற டெக்தான் சரி.

காசு மிஞ்சிறது உயரத்தில. ரொறொன்ரோவில டெக் தளம் நிலத்திலயிருந்து 24 அங்குலத்துக்கு மேல போனால் பெர்மிட் வேணும், 900 மி.மீ. கைப்பிடி வேலியும், 100 மி.மீ. பந்து நுழையாத கம்பி இடைவெளியும் வேணும். வேலிக்கே மரம் நிறையப் போகும். தளத்தை 22 அங்குலத்தில வையுங்கோ. கதவிலயிருந்து 7 அங்குல இறக்கம், பிறகு நிலத்துக்கு 7⅓ அங்குலப்படி மூண்டு. ஒரு படியின் உச்ச உயரம் 200 மி.மீ., அதுக்குள்ள அடங்கும். வளவு சரிவெண்டால் மிகத் தாழ்ந்த இடத்தில அளவுங்கோ. பெர்மிட் இல்லாட்டிலும் எல்லையிலயிருந்து விடவேண்டிய தூரம் பொருந்தும். அந்தக் கதவு வீட்டின் பிரதான வாசலெண்டால் பெர்மிட் வேண்டாமெண்ட சலுகை இல்லை.

பதில் 2:
மரக்கணக்கு: 2×8 அங்குல மரம், 12 அடி நீளம், 16 துண்டு. அதில மேல்பலகையைத் தாங்கிற ஜொயிஸ்ட் 10 (16 அங்குல இடைவெளி), 2 விளிம்பு, ஜொயிஸ்டைத் தாங்கிற பீமுக்கு 4 (ரெண்டு ரெண்டாச் சேர்த்து ரெண்டு பீம்). பீம்களை ஜொயிஸ்டின் ரெண்டு முனையிலயிருந்தும் 15 அங்குலம் உள்ள தள்ளுங்கோ; 2×8 ஜொயிஸ்ட் பீமுக்கு வெளிய 400 மி.மீ.க்கு மேல நீட்டக்கூடாது. ஜொயிஸ்ட் பீமுக்கு மேல படுக்கிறதால ஹாங்கர் (ஜொயிஸ்ட் முனையைத் தாங்கிற இரும்புப் பிடி) செலவே இல்லை.

மேல்பலகை 5/4×6, 28 துண்டு. ஈரமாய் வாற பலகையை இடைவெளி விடாமல் நெருக்கிப் போடுங்கோ, காயேக்க தானாய் விலகும். ஸ்குரூ ஏறக்குறைய 540. மரத்தில ஏத்தின செப்பு மருந்து சாதாரண ஆணியை அரிக்கும், அதால ட்ரீட்டட் மரத்துக்கெண்டு பூச்சுப்போட்டதையே வாங்குங்கோ. வெட்டின முனையெல்லாம் மருந்து பூச வேணும். கனபேர் விடுறது இதைத்தான்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அத்திவாரத்துக்குப் பதிலாச் சீமெந்து டெக் பிளொக் வைக்கலாமோ?

பதில் 3:
வைச்சால் களிமண் உறையேக்க ஒவ்வொரு பிளொக்கும் ஒவ்வொரு அளவு எழும்பும். தளம் முறுகும், கதவடிப் படியின் உயரமும் மாறும். 4 அடி தோண்டினால்தான் உறைபனிக்குக் கீழ போகும். ஒரு பீமுக்கு மூண்டாய் ஆறு கிடங்கு.

கொங்கிறீற்று ஊத்துற 10 அங்குலக் குழாய் மட்டும் போதாது. பீமின் நடுக் கிடங்குக்கு ஏறக்குறைய 33 சதுர அடித் தளத்தின் பாரம். சதுர அடிக்கு 50 இறாத்தலெண்டால் 1,650 இறாத்தல். அதைக் களிமண் தாங்க கிடங்கின் அடிப்பாகம் 14 அங்குல அகலம் வேணும். கிடங்குக்கு 30 கிலோ கொங்கிறீற்று மூட்டை 6, மொத்தம் 36. கொங்கிறீற்றை நிலத்துக்கு மேல 5 அங்குலம் எழுப்பி, உயரம் மாத்தக்கூடிய இரும்புப் பிடியில பீமை நேரா வையுங்கோ, தூணே தேவையில்லை. தோண்ட முதல் ஒன்ராறியோ வன் கோலுக்கு (Ontario One Call, நிலத்தடிக் குழாய், கம்பி போற இடத்தைக் குறிக்க ஒழுங்கு செய்யிற சேவை) அறிவியுங்கோ, இலவசம்.