டிமென்ஷியா உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு எந்தப் புத்தகம்?

வணக்கம். கோட்டூர்புரம் பக்கம், 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு சின்ன அலமாரி சேர்க்கிறோம். தாத்தாவுக்கோ பாட்டிக்கோ டிமென்ஷியா (நினைவும் யோசனையும் மங்கிக்கொண்டே போகும் மறதி நோய்) உள்ள வீட்டுப் பிள்ளைகள். படக்கதை இந்த வயசுக்குப் பத்தாது. மருத்துவக் கையேடு என்றால் பத்தாம் பக்கத்தில் மூடிவிடுவார்கள்.

காலையில் சாப்பிட்டது மறந்து, 50 வருஷத்துக்கு முந்தைய கல்யாணம் நினைவிருப்பது ஏன்? டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் வகையான அல்சைமரில், புது நினைவைப் பதியும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதி சீக்கிரமே அடிபடுகிறது. இது புரியாத பிள்ளை 'பாட்டி நடிக்கிறாங்க' என்றே நினைக்கும். "என் பர்ஸை நீதான் எடுத்தே" என்ற பழி, பொழுது சாய்ந்தால் கூடும் பதற்றம், அப்போது வாதாடாமல் கூடவே தேடிக்கொடுப்பது, இதெல்லாம் கதைக்குள் வர வேண்டும். ஒரே நாளில் குழப்பம் திடீரெனக் கூடினால் நோய் முற்றிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்றாகவும் இருக்கலாம், உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். இதைச் சொல்லும் புத்தகம் தெரிந்தால் அதை முதலில் எழுதுங்கள்.

கடைசி அத்தியாயத்தில் நினைவு திரும்பிவிடும் கதைகள் வேண்டாம். (தலையில் அடிபட்டதும் எல்லாம் ஞாபகம் வருமே, அந்த சினிமா ரகம்.)

தமிழோ ஆங்கிலமோ, 150 பக்கத்துக்குள் இருந்தால் நல்லது. தலைப்போடு பதிப்பகமும், இப்போது அச்சில் கிடைக்கிறதா என்பதும் சொன்னால் தேடி அலைய வேண்டியிராது.