சுவர், புளியமரம், புற்று: மூன்றும் ஒரே பல்லியா?

கேள்வி (மேலூர் பக்கம்):
வீட்டுச் சுவரில் வெளிறிய பல்லி, கொல்லைப் புளியமரத்தில் பட்டை நிறத்தில் பெரியது, கம்மாய்க்கரைப் புற்றில் வெள்ளைப் பட்டை போட்டது. ஒரே இனம்தான் நிறம் மாறுகிறதா? புற்றுப் பல்லியை விஷம் என்று அடிக்கிறார்கள். பிடிக்காமல் அடையாளம் காண வழி உண்டா?

செம்மண்:
மூன்றும் ஹெமிடாக்டைலஸ் பேரினம் (நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுப்பு), ஆனால் வேறு வேறு இனங்கள். நிறத்தை நம்பாதீர்கள், ஒரே பல்லி இரவில் வெளிறும், பகலில் கறுக்கும். செதிலைப் பாருங்கள். சுவரில் இருப்பது ஃப்ரெனாட்டஸ்: வாலில் முள் போன்ற செதில்கள் வரிசையாக இருக்கும், இரவில் 'ச்சக் ச்சக்' என்று கத்தும். மரத்தில் இருப்பது லெஷெனால்ட்டி: முதுகு ஏறக்குறைய வழவழப்பு, குறுக்கே சாம்பல் நிற நெளிகோடுகள். பகலில் பட்டை இடுக்கில் ஒட்டிப் படுத்திருக்கும். புற்றில் இருப்பது ட்ரைட்ரஸ்: முதுகில் மணி மணியாகத் தடித்த செதில் வரிசைகள், கறுப்பு ஓரமிட்ட வெள்ளைப் பட்டைகள். பல்லி எதற்குமே விஷம் கிடையாது, தயவுசெய்து அடிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள்.

படம் எடுக்க: இருட்டியபின் முதுகை நேர் மேலிருந்து ஒன்று, வாலைப் பக்கவாட்டில் ஒன்று. சுவர்ப்பல்லி ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே நின்றால் உள்ளேயிருந்து விரலடியை எடுத்துவிடுங்கள்.

மலையடிவாரம்:
அந்த விரலடிப் படத்தில் குறுக்குத் தகடுகள் தெரியும். அவற்றில் லட்சக்கணக்கான நுண்மயிர்கள். ஒவ்வொன்றின் நுனியும் நூற்றுக்கணக்காகப் பிரியும். பசையும் இல்லை, உறிஞ்சலும் இல்லை, வான் டெர் வால்ஸ் விசைதான், அதாவது மிக நெருங்கிய மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள மெல்லிய ஈர்ப்பு. நுனி பரப்பைத் தொட்டால்தான் பிடி கிடைக்கும். அதனால்தான் சுண்ணாம்பு உதிரும் சுவரில் வழுக்குகிறது: பொடி இடையில் புகுந்துவிடும். நல்ல பரப்பில் சில எட்டு வைத்தால் பொடி தானே உதிர்ந்து பிடி திரும்பும். சொரசொரப்பான பட்டையிலும் பாறையிலும் நகமும் சேர்ந்து வேலை செய்கிறது.

நகம் மட்டுமே போதும் என்பதற்கும் சாட்சி உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் நெமாஸ்பிஸ் பல்லிகளுக்கு விரலில் அகன்ற ஒட்டுத் தகடே இல்லை; மெல்லிய விரல், நகம், பகலில் நடமாடுவதற்கேற்ற வட்டக் கண்மணி. நம் பக்கத்துச் சிறுமலையில் பெரும்பாறைகளில் வாழும் ஹெமிடாக்டைலஸ் சிறுமலையென்சிஸ் 2020-ல்தான் புதிய இனமாக விவரிக்கப்பட்டது. தனித்த குன்றுகளைக் கவனித்துப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

கரடு:
பார்க்கப் போகிறவர்கள் கல்லைப் புரட்டாதீர்கள். அடியில் உள்ள ஈரம் போய்விடும், முட்டை உடையும். முட்டை இடும்போது மென்மையாக இருந்து காற்றுப்பட்டுக் கெட்டியாகும் சுண்ண ஓடு. நம் வறட்சியைத் தாங்குவது அந்த ஓட்டால்தான், ஆனால் நசுங்கினால் தாங்காது. அதே கல்லடியில் தேளும் சுருட்டை விரியனும் இருக்கலாம். தள்ளி நின்று இடுக்கில் டார்ச் அடித்தாலே போதும். மேலூர் அருகேயுள்ள அரிட்டாபட்டி 2022-ல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது; அங்கிருந்து எதையும் எடுத்து வராதீர்கள்.