அடிச்சாலும் பயப்படாத பையன்: வழி தெரிஞ்சவங்க சொல்லுங்க

அக்கா பையனுக்கு 13 வயசு. நாய்க்குட்டி காலை உடைச்சுட்டு, அது கத்துறதை நின்னு வேடிக்கை பார்த்தான். அடிச்சாச்சு, போனைப் பிடுங்கியாச்சு, ஹாஸ்டல்லயும் போட்டுப் பார்த்தாச்சு. பயமும் இல்லை, வருத்தமும் இல்லை. சொந்தக்காரங்க "சைக்கோ"ன்னு பேரே வெச்சுட்டாங்க.

டாக்டர் அந்த வார்த்தையையே எடுக்கலை. நடத்தைக் கோளாறு, கூடவே இரக்க உணர்வு குறைவுன்னார். ஒருத்தர் "சைக்கோபாத்"தான்னு அளக்க உளவியலாளர் ராபர்ட் ஹேர் போட்ட 20 அம்சப் பட்டியல், 40க்கு 30 மார்க் வந்தா அப்படின்னு சொல்றது, அதெல்லாம் பெரியவங்களுக்கு. பயிற்சி எடுத்தவங்கதான் போடணுமாம். (நான் நெட்ல பார்த்து இவனுக்குப் போட்டுட்டேன், திட்டு வாங்கினேன்.) இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குத் தண்டனை உறைக்காது, உடனுக்குடன் பாராட்டும் சின்னப் பரிசும்தான் ஓரளவு எடுபடும்னார். அமெரிக்காவில விஸ்கான்சின்ல மெண்டோட்டா சிறார் சிகிச்சை மையம் 1995லிருந்து இந்த வழியில போகுது. அங்க சிகிச்சை எடுத்த பசங்ககிட்ட வன்முறைக் குற்றம் குறைஞ்சிருக்கு.

மதுரைப் பக்கம் பெற்றோருக்கும் பயிற்சி தர்ற குழந்தை மனநல மருத்துவர் இருக்காங்களா? பெங்களூரு நிம்ஹான்ஸ் கூட்டிட்டுப் போனவங்க, எத்தனை நாள் தங்க வேண்டியிருந்தது? வீட்டில அவன் தங்கச்சிக்கு 4 வயசு. அக்கா ராத்திரி தூங்குறதில்லை.

தாயத்து, பரிகாரம் வேண்டாங்க. அதெல்லாம் முடிச்சாச்சு.