பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவை அடையாளம் கண்ட அனுபவங்கள்

டயல்பித்தன்:
மாமாவின் கையடக்க ரேடியோ ஒன்று போன வருடம் என்னிடம் வந்து சேர்ந்தது. முகப்பில் பெயர் இருந்த இடத்தில் பசைத் தடம் மட்டும்தான் மிச்சம். எழுபதுகளில் வந்த மலிவு செட்டாக இருக்கும் என்று ஓரமாகப் போட்டுவிட்டேன். ஒருநாள் டயலைப் பஞ்சால் துடைத்தபோது, 6-ஐத் தாண்டி ஒன்றும் 12-ஐத் தாண்டி ஒன்றுமாக, கடுகளவு இரண்டு முக்கோணங்கள் தெரிந்தன. அழுக்கு என்று நினைத்துச் சுரண்டக்கூடப் பார்த்தேன், நல்லவேளை போகவில்லை.

அது கோனல்ராட் குறி. பனிப்போர்க் காலத்தில், எதிரி விமானங்கள் வானொலி அலையைப் பிடித்துக்கொண்டே நகரத்துக்கு வழி கண்டுபிடித்துவிடக் கூடாது என்று அமெரிக்காவில் ஒரு ஏற்பாடு செய்தார்கள். நெருக்கடி வந்தால் 640, 1240 கிலோஹெர்ட்ஸ் (டயலில் 6 என்றால் 600, 12 என்றால் 1200) இரண்டில் மட்டுமே ஒலிபரப்பு. அந்த இரண்டு இடங்களையும் டயலில் காட்ட வேண்டும் என்ற விதி 1953-இல் வந்தது, 1963-இல் ஏற்பாடே முடிந்தது. கடைக்கு வந்த முதல் டிரான்சிஸ்டர் ரேடியோவான ரீஜென்சி டிஆர்-1 வெளியானது 1954 கடைசியில். ஆக, நான் எழுபதுகள் என்று ஒதுக்கிய செட்டின் வயது இந்த ஒன்பது வருடத்துக்குள் வந்து நின்றது.

பின்மூடியைத் திறந்தேன். டிரான்சிஸ்டர்களில் 2எஸ்ஏ, 2எஸ்பி எண்கள், அதாவது ஜப்பானியப் பெயரிடல். அமெரிக்கச் சந்தைக்காகச் செய்த ஜப்பான் சரக்கு. அதோடு நிறுத்தியிருக்கலாம். பேட்டரியின் சிவப்பு (பாசிட்டிவ்) வயர் கிரவுண்டில், அதாவது சுற்றின் பொதுத் தடத்தில் இருந்ததைப் பார்த்து, யாரோ மாற்றிப் பற்றவைத்துவிட்டார்கள் என்று முடிவுகட்டி, நானே திருப்பி வைத்தேன். பிஎன்பி என்ற வகை ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள் போட்ட பழைய செட்டுகளில் பாசிட்டிவைக் கிரவுண்டில் வைப்பது சகஜம் என்று அப்போது தெரியாது. சத்தம் வரவில்லை. ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் டிரான்சிஸ்டரைத் தொட்டால் விரல் சுட்டது. அந்த ஜோடி இரண்டும் போச்சு. இப்போது சிவப்பு வயர் கிரவுண்டில் இருந்தாலே, சரி, இது பழைய ஆள் என்று கும்பிட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை.

ஈயப்பற்று:
முகப்பில் பெரிதாக '10 டிரான்சிஸ்டர்' என்று எழுதிய செட் ஒன்றை ஆசையாக வாங்கினேன். உள்ளே எண்ணினேன், பத்து இருந்தது. ஆனால் பலகையைத் திருப்பினால், அதில் மூன்றின் கால்கள் எல்லாம் ஒரே தடத்தில் பற்றவைக்கப்பட்டிருந்தன. வேலையே இல்லாமல் கணக்குக்காக மட்டும் உட்கார்ந்திருக்கும் டிரான்சிஸ்டர்கள்! எண்ணிக்கை அதிகமாக இருந்தால் நல்ல செட் என்று மக்கள் நம்பிய காலம் அது. முகப்பில் உள்ள எண்ணை வைத்துத் தரத்தையோ வயதையோ கணக்குப் போடாதீர்கள்.

இரவலை:
என்னிடம் இருக்கும் செட்டின் டிரான்சிஸ்டர்களில் ஓசி 44, ஓசி 45, ஓசி 71 என்று இருக்கிறது. இதன் வயதை எப்படிப் பார்ப்பது? இன்னொரு தொல்லையும் உண்டு. மூடியைத் திறந்து டியூப்லைட் கீழே வைத்தால் 'ம்ம்ம்' என்று ஒரே இரைச்சல், மூடினால் இல்லை. பேட்டரியில்தான் ஓடுகிறது, கரண்டு இரைச்சல் எங்கிருந்து வரும்?

டயல்பித்தன்:
ஓசி என்பது ஐரோப்பியப் பெயரிடல், வால்வு காலத்துப் பழக்கத்தின் மிச்சம். ஓ என்றால் வால்வில் இருப்பது போன்ற சூடேற்றும் இழை (ஹீட்டர்) இல்லை, சி என்றால் டிரையோடு, அதாவது மூன்று முனை வகை. அப்புறம் அறுபதுகளில் ஏசி, ஏஎஃப் என்று தொடங்கும் எண்கள் வந்தன. அதில் ஏ என்றால் ஜெர்மானியம், பின்னால் வந்த பி என்றால் சிலிக்கான். உங்கள் செட்டில் எல்லாமே ஓசி என்றால் ஐம்பதுகளின் கடைசி அல்லது அறுபதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளலாம், யாரும் நடுவில் பாகம் மாற்றாமல் இருந்தால்.

இரைச்சலுக்கு, அந்த ஓசி 71-ஐ லென்ஸ் வைத்துப் பாருங்கள். கண்ணாடிக் குப்பிக்குக் கருப்புப் பெயின்ட் அடித்திருப்பார்கள். அது உதிர்ந்து உள்ளே வெளிச்சம் விழுந்தால், மின்னோட்டம் வெளிச்சத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். டியூப்லைட் துடிப்பதைத்தான் நீங்கள் ஸ்பீக்கரில் கேட்கிறீர்கள். பெயின்டை வேண்டுமென்றே சுரண்டி, ஒளி உணரியாகப் பயன்படுத்திய ஆட்களும் உண்டு.

இரவலை:
பார்த்தேன் சார். ஒரு பக்கம் அரிசி அளவுக்குப் பெயின்ட் இல்லை. விரலால் மறைத்தேன், இரைச்சல் சட்டென்று நின்றது. விரலை எடுத்தால் திரும்ப வருகிறது. வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டிவிட்டு, இப்போதைக்குக் கருப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி வைத்திருக்கிறேன்.