ஸ்பிண்டில் பூட்டினால் மட்டும் வட்டம் சப்பையாகிறது: அச்சிட்ட பாகங்களால் ஆன சிஎன்சி

கேள்வி

வணக்கம். பேனா, லேசர், ஸ்பிண்டில் (வெட்டுமுனையைச் சுழற்றும் மோட்டார்) ஆகிய மூன்றையும் மாற்றி மாற்றிப் பூட்டக்கூடிய சிறிய சிஎன்சி (கணினிக் கட்டளைப்படி நகரும்) இயந்திரம் ஒன்றை, மூலைப்பிடிகள் முதல் கருவித் தாங்கி வரை பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கில் 3டி அச்சிட்டுச் செய்திருக்கிறேன். எக்ஸ், ஒய் அச்சுகள் இரண்டிலும் நெமா 17 ஸ்டெப்பர் (படிப்படியாகச் சுழலும்) மோட்டார், 20 பல் புல்லி, 2 மி.மீ. பல் இடைவெளியுள்ள ஜிடி2 பெல்ட், இயக்குவது ஜிஆர்பிஎல் என்ற கட்டுப்பாட்டு மென்பொருள்.

பேனாவைப் பூட்டி 50 மி.மீ. வட்டம் வரைந்தபோது குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் ஸ்பிண்டிலைப் பூட்டிப் பிளைவுட்டில் அதே அளவு வில்லையை வெட்டியபோது எக்ஸ் திசையில் 50, ஒய் திசையில் 49.5 என்று வெர்னியர் காட்டியது. ஒய் அச்சுக்குரிய $101 மதிப்பை (ஒரு மி.மீ. நகர மோட்டார் எடுக்க வேண்டிய படிகள்) 80இலிருந்து 80.8ஆக உயர்த்தியதும் வில்லை சரியாகிவிட்டது. அந்த நிம்மதி ஒரு நாள்தான் நீடித்தது. மறுநாள் வெட்டிய 100 மி.மீ. வில்லை ஒய் திசையில் 100.5 இருந்தது, பேனா வட்டமும் இப்போது 50.5 ஆகிவிட்டது. இது போதாதென்று, கருவியைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் தொடக்கப் புள்ளி 0.4 மி.மீ. வரை நகர்ந்துவிடுகிறது. எதை மாற்ற வேண்டும்: பெல்ட்டையா, மோட்டாரையா?

பதில் 1

ஒய் பெல்ட் தளர்ந்திருக்கலாம். விரலால் சுண்டிப் பார்த்து எக்ஸ் பெல்ட்டோடு ஒப்பிடுங்கள்.

கேட்டவர்

ஒப்பிட்டேன். இரண்டும் ஒரே இறுக்கத்தில்தான் இருக்கின்றன.

பதில் 2

முதலில் $101ஐ 80க்கே திருப்பிவிடுங்கள். மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படி, ஒவ்வொரு படிக்கும் 16 நுண்படி என்றால் 3,200. 20 பல் புல்லி ஒரு சுற்றில் பெல்ட்டை 40 மி.மீ. நகர்த்துகிறது, 3,200ஐ 40ஆல் வகுத்தால் 80. இது பற்களின் எண்ணிக்கையிலிருந்து வரும் கணக்கு, வெட்டிய மரத்தைப் பார்த்துத் திருத்த வேண்டியது அன்று. படிக்கணக்கில் தவறு இருந்திருந்தால் வில்லை இரு மடங்கு பெரிதாகும்போது பிழையும் இரு மடங்காகியிருக்கும். உங்கள் எண்களோ வேறு கதை சொல்கின்றன: 80.8 என்பது ஒரு சதவீத உயர்வு, அதனால் 50 மி.மீ.க்கு 0.5 கூடுகிறது, 100 மி.மீ.க்கு 1 கூடுகிறது. இரண்டிலும் நிலையாக ஒரு 0.5ஐக் கழித்துப் பாருங்கள், நீங்கள் அளந்த 50உம் 100.5உம் அப்படியே வந்துவிடும். அதாவது, திசை திரும்பும்போதெல்லாம் ஒய் அச்சில் எங்கோ அரை மில்லிமீட்டர் தொலைகிறது. இந்தப் பேக்லாஷை ஈடுகட்டும் வசதி ஜிஆர்பிஎல்லில் இல்லை என்பதால் இயந்திரத்தில்தான் தேட வேண்டும்.

பேனாவின் சுமைக்கு வெளிப்படாமல் வெட்டும் விசைக்கு மட்டும் வெளிப்படுவதால், என் சந்தேகம் புல்லியைத் தண்டோடு பிடிக்கும் சிறு ஸ்க்ரூவின் மேல். புல்லியின் முகத்திலும் தண்டின் முனையிலும் சேர்ந்தாற்போல் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டு, மோட்டாருக்கு மின்சாரம் இருக்கும்போதே, ஸ்பிண்டிலை அணைத்துவிட்டு, தாங்கியைக் கையால் முன்னும் பின்னும் தள்ளுங்கள். கோடு ஒடிந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான்.

தொடக்கப் புள்ளி நகர்வது தனிப் பிரச்சினை. தாங்கியை எப்படிப் பூட்டியிருக்கிறீர்கள்?

கேட்டவர்

கோடு ஒடிந்தது! ஸ்க்ரூ, தண்டின் தட்டையான பக்கத்தில் உட்காராமல் அதன் விளிம்பில் நின்றிருக்கிறது. தட்டையில் உட்காரும்படி திருப்பி இறுக்கி, $101ஐ 80க்கு மாற்றிய பின் 50, 100 இரண்டு வில்லைகளும் 0.1க்குள் வந்துவிட்டன. தாங்கி என்பது இரண்டு சமதளத் தட்டுகள், நான்கு எம்3 ஸ்க்ரூக்கள், துளைகள் 3.4 மி.மீ.

பதில் 2

3 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 3.4 மி.மீ. துளை என்றால், நீங்கள் சொன்ன 0.4 அங்கேயே இருக்கிறது. ஸ்க்ரூ இறுக்கிப் பிடிக்குமே தவிர, இடத்தை நிர்ணயிக்காது. இயந்திரப் பக்கத் தட்டில் மூன்று எஃகு உருண்டைகளையும், கருவிப் பக்கத் தட்டில் அவற்றுக்கு நேராக மையத்தை நோக்கிய மூன்று வி வடிவப் பள்ளங்களையும் அமையுங்கள். ஒவ்வோர் உருண்டையும் இரண்டு புள்ளிகளில் தொட, மொத்தம் ஆறு தொடுபுள்ளிகள் ஆறு வகை அசைவுகளையும் (மூன்று திசை நகர்வு, மூன்று திசைச் சுழற்சி) கட்டிவிடுகின்றன. பிளாஸ்டிக் பள்ளம் நாளடைவில் குழிந்துவிடும் என்பதால், ஒவ்வொரு பள்ளத்தின் இரு சரிவுகளாக இரண்டு எஃகு ஊசிகளை ஒட்டுவது நல்லது. பேனாவுக்குக் காந்தப் பிடிப்பே போதும். ஸ்பிண்டிலுக்கு நடுவில் ஒரு போல்ட் கட்டாயம் வேண்டும்.

ஸ்பிண்டிலைச் சுற்றிய வளையத்தையும் கவனியுங்கள். பிஎல்ஏ ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். அதற்குக் கீழேயும் ஓயாத அழுத்தத்தில் மெல்ல விட்டுக்கொடுக்கும். அந்த ஒரு பாகத்தையாவது, கூடுதல் வெப்பம் தாங்கும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் அச்சிடுங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. உருண்டைத் தாங்கியை வரையத் தொடங்கிவிட்டேன். லேசருக்காக, லேசர் முறையை இயக்கும் $32 அமைப்பை $32=1 என்று வைத்திருக்கிறேன், ஸ்பிண்டிலுக்கும் அப்படியே விடலாமா?

பதில் 2

கூடாது, 0 ஆக்கிவிடுங்கள். லேசர் முறையில், வெட்டாமல் இடம் மாறும் வேக நகர்வின்போது ஸ்பிண்டிலுக்கான கட்டளை அணைந்துவிடும். அது மீண்டும் முழு வேகம் எடுப்பதற்குள் வெட்டுமுனை மரத்தில் இறங்கி முறியும்.