நம்ம வீடு குழு: ரோசா என்றால் பூ இல்லை பெரியப்பா

செவ்வாய், இரவு 8.12

சுதா: நாளை காலை 7 மணிக்குப் பாப்பாவை ஆபரேஷன் தியேட்டருக்குள் எடுக்கிறார்களாம். இரவு 12 மணிக்கு மேல் பாப்பாவுக்கு எதுவும் கொடுக்கக் கூடாது. மூளை வீக்கம் குறைய டெக்ஸா என்ற ஸ்டீராய்டு மருந்து போடுவதால் ஓயாத பசி, இப்போது மூன்றாவது தோசை போகிறது.

பெரியப்பா: ரோபோ ஆபரேஷன் என்று பாலா சொன்னான். எட்டு வயதுப் பிள்ளை தலையில் மெஷின் தானாக ஓட்டை போடுமா? எம்.ஆர்.ஐ.யில்தான் கட்டி தெரிகிறதே, அதைப் பார்த்து மருந்து கொடுத்தால் ஆகாதா?

பாலா: (வீடியோ) இப்படித்தான் இருக்கும் பெரியப்பா, நாலு கை

மீனா சித்தி: பாலா, முதலில் அதை அழி. அது வயிறு, கிட்னி ஆபரேஷனுக்கு வருகிற ரோபோ. நாளைக்கு வருவதற்கு ஒரே கைதான். பெயர் ரோசா, பிரான்ஸில் மோன்பெலியேவில் உருவானது.

பாலா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா: ரோசாவா? பூவா?

மீனா சித்தி: பூ இல்லை அண்ணா. பாப்பாவின் கட்டி இடது தலாமஸில் இருக்கிறது, மூளையின் நட்டநடு. அதனால்தான் வலது கையில் பென்சில் நிற்க மாட்டேன் என்கிறது. அங்கே மண்டையைத் திறந்து போவதென்றால் வழியெல்லாம் பேச்சு, கை, கால் என்று முக்கியமான இடங்கள், அதனால் ஊசிதான். எங்கே நுழைவது, எந்த ரத்தக்குழாயை ஒதுக்குவது, எத்தனை மில்லிமீட்டரில் நிற்பது என்று டாக்டர் முன்னாடியே படத்தின் மேல் கோடு போட்டு வைத்துவிடுவார். மயக்கம் கொடுத்துத் தலையை அசையாமல் பிடித்த பிறகு, மெஷின் தலையையும் படத்தையும் பொருத்திப் பார்த்து, அந்தக் கோட்டின் நேரே போய் நிற்கும். அதன் வேலை அதோடு சரி. துளை போடுவதும் ஊசி இறக்குவதும் டாக்டர் கைதான். துளை 3 மி.மீ. அளவு, ஊசி ஏறக்குறைய 2 மி.மீ., அதன் பக்கவாட்டில் சின்ன ஜன்னல் மாதிரி ஒரு வெட்டு, அதில் சிக்குகிற துணுக்கை எடுத்துச் சோதிப்பதுதான் பயாப்சி.

பெரியப்பா: எங்கள் காலத்தில் ஜி.எச்.சில் டாக்டர் ராமமூர்த்தி மூளை ஆபரேஷன் செய்தார். ரோபோவா இருந்தது?

மீனா சித்தி: ரோபோ இல்லை, சட்டம் இருந்தது! அவரும் டாக்டர் பாலசுப்பிரமணியமும் தலையில் உலோகச் சட்டம் பூட்டி, அளவெடுத்து, ஆழத்துக்கு ஊசி இறக்கியவர்கள்தான். அந்தச் சட்டத்தின் வேலையைத்தான் இந்தக் கை செய்கிறது. சட்டத்தில் ஒவ்வோர் எண்ணாகத் திருகி வைக்க வேண்டும், ஒரு எண் மாறினாலும் போச்சு, நானே தியேட்டரில் நின்று இரண்டிரண்டு தடவை சத்தமாக வாசித்திருக்கிறேன். ரோபோவும் நேற்று வந்தது இல்லை. 1985-லேயே கலிபோர்னியா லாங் பீச்சில், பூமா 200 என்ற தொழிற்சாலை எந்திரக் கையை வைத்து மூளை பயாப்சிக்கு வழிகாட்ட வைத்தார்கள்.

லட்சுமி அத்தை: மீனா, மொட்டை அடித்துவிடுவார்களா? பழனியில் முடி இறக்குவதாக வேண்டியிருக்கிறேன்.

மீனா சித்தி: ஒரு ரூபாய்க் காசு அளவுதான் மழிப்பார்கள் அக்கா. மீதி முருகனுக்கு.

சுதா: சித்தி, பெரியப்பா கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. எதற்குக் குத்த வேண்டும்?

மீனா சித்தி: படம் கட்டி இருக்கிற இடத்தைத்தான் காட்டும் சுதா, அதன் குணம் சதையில்தான் தெரியும். மெதுவாக வளர்கிற வகையாக இருந்து, பிராஃப் வி600இ என்ற ஜீன் மாற்றம் இருந்தால், அதற்கென்றே டப்ராஃபெனிப், டிராமெட்டினிப் என்று ஜோடி மருந்து இருக்கிறது. 2023-ல் அமெரிக்காவில் ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கே அனுமதி கொடுத்தார்கள், திரவமாகக் குடிக்கிற வடிவத்தோடு. அது தெரியாமல் பிள்ளை தலைக்குக் கரண்ட், அதாவது ரேடியேஷன், வைக்கச் சொல்லலாமா?

சுதா: மோசமான வகையாக இருந்தால்?

மீனா சித்தி: எச்3 கே27எம் என்ற ஜீன் மாற்றம் என்று வந்தால் கஷ்டம்தான். உன்னிடம் மறைக்க மாட்டேன். மைக்ராஸ்கோப்பில் சாதுவாகத் தெரிந்தாலும் அதை நான்காம் நிலை, அதாவது மிக மோசமான நிலை என்றுதான் வைப்பார்கள். ரேடியேஷன் கொடுப்பார்கள். அதற்குப் பிறகும் வளர்ந்தால் கொடுக்க, டோர்டாவிப்ரோன் என்ற மருந்துக்கு 2025-ல் அமெரிக்காவில் அனுமதி வந்தது. அதுவும் இந்த மாற்றம் இருக்கிறது என்று பரிசோதனையில் தெரிந்தால்தான்.

சுதா: ஊசியால் என்ன ஆகலாம்?

மீனா சித்தி: ரத்தக் கசிவுதான் பெரிய பயம். அதற்காகத்தான் முடிந்ததும் சி.டி. எடுப்பார்கள். சில சமயம் கை கால் கொஞ்சம் பலவீனமாகலாம், சில சமயம் சதை போதாமல் போகலாம். கையெழுத்துப் போடும் முன் மூன்றையும் டாக்டரிடம் நேராகக் கேள். நீ தூங்கு, நான் 6 மணிக்கு அங்கே இருப்பேன்.

புதன், பகல் 11.47

சுதா: வெளியே வந்துவிட்டாள். சி.டி.யில் கசிவு இல்லை.

லட்சுமி அத்தை: முருகா

பாலா: வலது கை எப்படி இருக்கிறது அக்கா?

சுதா: என் விரலைப் பிடித்தாள். நேற்று இருந்த பலம்தான், குறையவில்லை.

பெரியப்பா: ரிசல்ட்?

சுதா: உள்ளே இருக்கும்போதே ஒரு துணுக்கைப் பார்த்து, கட்டியின் சதைதான், போதுமான அளவு இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். எந்த வகை, எந்த ஜீன் என்பதெல்லாம் வர இரண்டு மூன்று வாரம் ஆகுமாம்.

பெரியப்பா: மூன்று வாரமா...

சுதா: ஆமாம் பெரியப்பா. கண் திறந்ததும், ரோசாப்பூ மெஷினைக் காட்டாமலே தூங்க வைத்துவிட்டார்கள் என்று சித்தியிடம் சண்டை. இப்போது தோசை கேட்கிறாள், சாயங்காலம் வரை தண்ணீர்தான் என்று சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.